ஹார்வர்டை வென்ற செவ்விந்திய வீரர்

அமெரிக்காவில் பெயர்பெற்ற சர்வகலாசாலை ஹார்வர்டு. 1911-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி அதன் கால்பந்துக் கோஷ்டியை, ஒரு சின்னஞ்சிறு பள்ளிக்கூடத்தின் கோஷ்டி தோற்கடித்தது. வென்றவர்கள் செவ்விந்திய வாலிபர்கள். அவர்களில் முதன்மையானவர் ஜிம் தோர்ப்.

தோர்ப் இன்றைய ஒக்லஹோமா ராஜ்யத்தில் பிறந்தவர். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். கூடப் பிறந்த சார்லி சிறு வயதிலேயே இறந்துபோனான். வாலிபம் முதிருமுன்பே தாய் தந்தையரும் காலமானார்கள்.

முடியை வெட்டிய பள்ளி

1904-ல் தோர்ப் கார்லைல் பள்ளியில் சேர்ந்தார். பென்சில்வேனியாவில், பழைய ராணுவக் கொட்டடி ஒன்றில் 1879-ல் தொடங்கப்பட்ட பள்ளி அது. செவ்விந்தியக் குழந்தைகளை வெள்ளையரைப்போல் மாற்றிவிடுவதே அதன் நோக்கம். வந்ததும் தலைமுடியை வெட்டினார்கள். தாய்மொழி பேசக் கூடாது என்று தடுத்தார்கள். பெற்றோரைப் பாராமலே அங்கு இறந்து, அங்கேயே புதைக்கப்பட்ட குழந்தைகளும் உண்டு.

இந்தப் பள்ளிக்கு ஒரு பெருமை கிடைத்தது. அது கால்பந்தினால் வந்தது.

அமெரிக்கக் கால்பந்து வேறு வகை. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம்; எதிரியை மடக்கிக் கீழே தள்ளலாம். பருத்த உடம்புக்காரர்களுக்கே அது ஏற்றது என்று பலர் எண்ணினார்கள். கார்லைல் பிள்ளைகள் எடையில் குறைந்தவர்கள். பயிற்சியாளர் வார்னர் அவர்களுக்கு வேகத்தையும் தந்திரத்தையும் கற்றுக் கொடுத்தார்.

ஹார்வர்டு பந்தயத்தன்று தோர்ப்பின் காலில் காயம். கட்டுப் போட்டுக்கொண்டே ஆடினார். கம்பங்களுக்கு நடுவே நான்கு முறை பந்தை உதைத்து அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் 3 பாயிண்டு. முடிவில் கார்லைல் 18, ஹார்வர்டு 15.

அடுத்த வாரமே சிராக்யூஸ் கோஷ்டியிடம் ஒரே ஒரு பாயிண்டில் கார்லைல் தோற்றது. அந்தப் பருவத்தில் ஆடிய 12 ஆட்டங்களில் அதுதான் ஒரே தோல்வி.

ராணுவத்துடன் மோதல்

1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் தோர்ப் இரண்டு தங்கப் பதக்கங்கள் பெற்றார். பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகாத்லானில் 8,412 பாயிண்டு எடுத்தார். இரண்டாவதாக வந்தவர் ஏறக்குறைய 700 பாயிண்டு பின்தங்கினார்.

அதே ஆண்டு நவம்பரில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கலாசாலையுடன் ஆட்டம். 22 ஆண்டுகளுக்கு முன்புதான், உண்டட் நீ என்ற இடத்தில், அமெரிக்க ராணுவம் செவ்விந்தியப் பெண்களையும் குழந்தைகளையும்கூடச் சுட்டு வீழ்த்தியிருந்தது. இப்போது மைதானத்தில் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் நின்றன. கார்லைல் 27-6 என்று வென்றது. தோற்ற கோஷ்டியில் ஆடியவர்களில் ஒருவர், பிற்காலத்தில் ஜனாதிபதியான ஐசனோவர்.

பறிபோன பதக்கங்கள்

1913-ல் இடி விழுந்தது. தோர்ப் 1909, 1910-ம் ஆண்டுகளின் கோடையில் சொற்பப் பணம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியது வெளியாயிற்று. கலாசாலை மாணவர் பலர் பொய்ப் பெயரில் அப்படி ஆடினார்கள். தோர்ப் சொந்தப் பெயரிலேயே ஆடியிருந்தார். பந்தயம் முடிந்து 30 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆறு மாதம் கடந்திருந்தும் பதக்கங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

கார்லைல் பள்ளி 1918-ல் மூடப்பட்டது. தோர்ப் தொழில்முறை ஆட்டக்காரராகப் பல்லாண்டு ஆடினார். பின்னர் கிடைத்த வேலைகளைச் செய்து காலம் தள்ளினார். அரை நூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர் என்று 1950-ல் பத்திரிகையாளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தபோதும் கையில் காசில்லை. 1953 மார்ச் 28-ந் தேதி கலிபோர்னியாவில் காலமானார்.

1983-ல் அவருடைய பிள்ளைகளிடம் மாற்றுப் பதக்கங்கள் கொடுக்கப்பட்டன. ஆனால் கூட்டு வெற்றியாளர் என்றே பதிவு செய்தார்கள். 2022-ல்தான் இரு போட்டிகளிலும் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி அறிவித்தது. டெகாத்லானில் இரண்டாவதாக வந்த சுவீடன் நாட்டு வீஸ்லாண்டர், தம்மிடம் ஒதுக்கப்பட்ட தங்கத்தைத் தமது என்று கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. 1912-ல் களத்தில் தோற்றவருக்கு, வென்றவர் யார் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.