மெக்லவுடு பிரபு: இழந்த நிலமும் திரட்டிய படையும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வட எல்லையை ஒட்டி ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. அங்கு 1781 சூலை 1 அன்று ஐதர் அலியை எதிர்த்து நின்ற ஆங்கிலேயப் படையில், ஸ்காட்லாந்து மலைநாட்டினரைப் பெரும்பான்மையாகக் கொண்ட 73ஆம் படைப்பிரிவும் இருந்தது. இப்பகுதியின் போர் வரலாறு பெரும்பாலும் 1751ஆம் ஆண்டின் வாலிகண்டபுரம் போரோடு நின்றுவிடுவதால், அப்படைப்பிரிவைத் திரட்டியவர் வரலாறு இங்குப் பேசப்படுவது அரிது.

குரோமார்ட்டிப் பிரபுவின் மூத்த மகனான ஜான் மெக்கென்சி (1727–1789) மரபுரிமையால் மெக்லவுடு பிரபு என அழைக்கப்பெற்றார். ஸ்டூவர்ட் மரபினரை அரியணை ஏற்ற 1745இல் எழுந்த கிளர்ச்சியில் தந்தையுடன் சேர்ந்தார். கலோடன் போருக்கு முந்தைய நாள் இருவரும் சிறைப்பட்டனர். தந்தைக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை பின்னர்த் தவிர்க்கப்பட்டது. குடும்ப நிலத்தின் மீதான உரிமையைத் துறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மகனுக்கு 1748இல் மன்னிப்புக் கிடைத்தது.

பின்னர்ச் சுவீடன் படையில் நெடுங்காலம் பணிபுரிந்து, 1777இல் நாடு திரும்பினார். இரண்டாம் ஜார்ஜை எதிர்த்து வாளெடுத்தவர், அவர் பேரனான மூன்றாம் ஜார்ஜுக்காக 1778இல் படை திரட்டினார். நிலமிழந்த தலைவரின் அழைப்புக்கு மலைநாட்டார் திரண்டு வந்தமை, குடிவழிப் பற்றின் வலிமையைக் காட்டுகிறது. தமிழகப் பாளையங்களை ஆராய்வோர்க்கு இது புதியதன்று.

1780 சனவரியில் அவர் படையுடன் சென்னை வந்தார். சூலையில் ஐதர் அலி கர்நாடகத்துள் புகுந்தார். காஞ்சிபுரத்தில் படைகளை ஒன்றுகூட்டும் திட்டத்தை மெக்லவுடு ஏற்கவில்லை. சென்னைக்கு அருகே கூடுவதே பாதுகாப்பு எனக் கருதினார். அக்கருத்து புறந்தள்ளப்பட்டு, எக்டர் மன்றோ தலைமையேற்றார். வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்த பெய்லிக்கு உதவியாக, டேவிட் பேர்டு தலைமையிலான 73ஆம் பிரிவின் இரு கம்பெனிகளை உள்ளடக்கிய ஏறத்தாழ 1,000 பேர் அனுப்பப்பட்டனர். செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் ஐதரும் திப்புவும் பெய்லியின் படையை முற்றாக அழித்தனர். மன்றோ சில கல் தொலைவிலேயே இருந்தும் உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. மெக்லவுடின் மறுப்பில் தன்மதிப்பும் கலந்திருக்கலாம். ஆயினும் போர்க்கணிப்பில் அவரே சரியானவர் என்பது என் துணிபு.

மன்றோவுடன் ஏற்பட்ட பிணக்கால் அவர் தாயகம் திரும்பினார். 1784இல், ஏறத்தாழ 19,000 பவுண்டு செலுத்தி, குடும்ப நிலத்தை மீளப் பெற்றார். புள்ளலூரில் பிடிபட்டு, காயத்தோடு சிறையில் கிடந்த பேர்டு, மங்களூர் உடன்படிக்கையால் விடுதலையடைந்ததும் அதே ஆண்டில்தான். பிரபுப் பட்டம் மட்டும் மெக்லவுடின் வாழ்நாளில் மீளவில்லை. 1789 ஏப்ரல் 2 அன்று எடின்பரோவில் அவர் மறைந்தார்.