எண்ணிப் பார்த்த மருத்துவர்

எலும்பு முறிந்து அதன் முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், அந்தக் காலுக்கு இனி வாழ்வில்லை என்றே 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பிய மருத்துவமனைகளில் கருதப்பட்டது. தோல் கிழியாத முறிவு சில வாரங்களில் கூடிவிடும். ஓர் அங்குலம் கிழிந்திருந்தாலும் புண் சீழ்பிடித்து, நோயாளி பெரும்பாலும் இறந்துபோவார். எனவே காலை வெட்டினார்கள். வெட்டிய இடமும் அழுகியது. இந்த வேறுபாடு ஏன் என்று விடாமல் கேட்டவர் ஜோசப் லிஸ்டர்.

1827-இல் லண்டனை அடுத்த அப்டனில் பிறந்தவர் அவர். தந்தை மது வணிகர்; ஆனால், நுண்ணோக்கியின் வில்லைகளைச் செம்மைப்படுத்தி அறிஞர்களிடையே பெயர்பெற்றவர். கண்ணுக்குப் புலப்படாத உலகம் மகனுக்கு வீட்டிலேயே பழக்கமாயிற்று. எடின்பரோவில் ஜேம்ஸ் சைமிடம் அறுவை மருத்துவம் பயின்று, அவர் மகள் ஆக்னஸை மணந்தார். லிஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகளில் பெரும்பகுதி ஆக்னஸின் கையெழுத்தே. அவருக்குரிய இடத்தை வரலாறு தரவில்லை என்பது என் எண்ணம்.

1860-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்நகர அரச மருத்துவமனையில் அவர் பொறுப்பேற்ற அறுவைப் பிரிவு புதுக் கட்டடம்தான். ஆயினும் சாவு குறையவில்லை. கெட்ட காற்றே காரணம் என்றனர் பலர். 1865-இல் வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன் வழியாகப் பாஸ்டரின் ஆய்வுகள் லிஸ்டருக்கு எட்டின. பொருள்களை அழுகச் செய்பவை நுண்ணுயிர்கள் எனில், புண்ணை அழுகச் செய்பவையும் அவைதாமே! கார்லைல் நகரில் சாக்கடைக் கழிவின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்பட்டதை அவர் அறிந்திருந்தார்.

1865 ஆகஸ்ட் 12 அன்று, வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்த 11 வயதுச் சிறுவன் ஜேம்ஸ் கிரீன்லீஸ் கொண்டுவரப்பட்டான். அமிலத்தில் தோய்த்த துணியால் புண்ணை மூடிக் கட்டினார் லிஸ்டர். நான்கு நாள் கழித்துப் பிரித்தபோது சீழ் நாற்றம் இல்லை. ஆறு வாரங்களில் எலும்பு கூடியது.

அந்த ஒரு வெற்றியோடு அவர் நின்றுவிடவில்லை. அவர் எண்ணினார். 1867-இல் இத்தகைய 11 நோயாளிகளின் நிலையை வெளியிட்டபோது, இறந்த ஒருவரையும் கால் இழந்த ஒருவரையும் மறைக்கவில்லை. பின்னர் உறுப்பு நீக்கச் சிகிச்சைகளின் கணக்கையும் தந்தார்: புதிய முறைக்கு முன் 35 பேரில் 16 பேர் இறந்தனர், பின் 40 பேரில் 6 பேர். தம் கைப்பட்டு இறந்தவர்களின் எண்ணிக்கையைத் தாமே அச்சிட்டுக் கொடுத்ததுதான் அமிலத்தைவிடப் பெரிய செயலாக எனக்குத் தோன்றுகிறது. மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது நாம் கட்டணம் கேட்கிறோம், அறை கேட்கிறோம். சென்ற ஆண்டில் இங்கு எத்தனை பேருக்குப் புண்ணில் தொற்று வந்தது என்று கேட்பதேயில்லை.

லண்டன் மருத்துவர்கள் அவரை எளிதில் ஏற்கவில்லை. 1877-இல் அங்குள்ள கிங்ஸ் கல்லூரி மருத்துவமனைக்கு வந்த சில வாரங்களிலேயே, தோல் கிழியாமல் முறிந்திருந்த முழங்கால் சில்லைத் திறந்து, வெள்ளிக் கம்பியால் இணைத்தார். மூடிய முறிவைத் தாமாகவே திறப்பதா? நோயாளி இறந்தால் வழக்குத் தொடர வேண்டும் எனப் பேசிய மருத்துவரும் உண்டு. நோயாளி பிழைத்தார், மூட்டும் மடங்கி நீண்டது. இன்று தகடும் திருகும் வைத்து எலும்பைப் பொருத்தும் துணிவு அத்தகைய முயற்சிகளில் பிறந்ததே.

அறுவை அறையின் காற்றில் அமிலத்தைத் தெளிக்கும் கருவியையும் அவர் புகுத்தியிருந்தார். காற்றைவிடக் கைகளும் கருவிகளுமே பேரிடர் என்று உணர்ந்ததும், 1890-இல் பெர்லின் மாநாட்டில் அதைத் தாமே கைவிட்டார். 1912-இல் மறைந்தார்.

காற்றின் கதை அத்துடன் முடியவில்லை. 1960-களில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தத் தொடங்கியபோது, நூற்றில் ஏழு பேருக்கு மேல் தொற்று வந்தது. உடலுக்குள் வைக்கப்படும் உலோகத்தின் மீது மிகச் சில கிருமிகளே போதும், நிலைகொண்டுவிடும். வடிகட்டிய காற்று பாயும் தனிக் கூடம் அமைத்து, மருத்துவர்களின் மூச்சுக்காற்றையும் குழாய்வழி வெளியேற்றினார் சார்ன்லி. அவரும் எண்ணினார். சுமார் பத்தாண்டுகளில் தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது.