இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நாவு அடைத்த நாட்கள்

வியாபாரம் நன்றாக நடக்கிறது. கடன்காரன் வாசலில் வந்து நிற்கவில்லை. பெண்மக்கள் கரையேறி விட்டார்கள். ஆயினும் இராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு விழிப்புத் தட்டுகிறது. அதன்பின் சுபுஹு வரையில் தூக்கமில்லை. இப்படிப்பட்டவர்கள் நம் கடைத்தெருவில் எத்தனை பேர் என்று நான் சொல்ல முடியாது. ஒருவர் இருந்தார் என்பது மட்டும் நிச்சயம், அது நான்தான். அந்த நாட்களில் மதரஸாவில் சிறு வயதில் கேட்ட ஒரு சரித்திரம் ஞாபகத்துக்கு வந்தது. அதையே இங்கு எழுதுகிறேன்.

இமாம் கஸ்ஸாலி அவர்களை அறியாதார் நம்மில் இல்லை. 'இஹ்யா உலூமித்தீன்' எழுதிய மேதை என்றும், ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்றும் போற்றுகிறோம். ஆனால் அன்னார் ஒரு காலத்தில் வாய் பேச முடியாமல், ஒரு கவளம் உணவும் இறங்காமல், வைத்தியர்கள் கைவிட்ட நோயாளியாய்க் கிடந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

ஈரான் தேசத்துக் குராஸானில் தூஸ் என்னும் ஊரில் ஹிஜ்ரி 450, அதாவது 1058-ல் பிறந்தார்கள். தகப்பனார் கம்பளி நூல் நூற்றுக் கடையில் விற்று வந்தவர் என்பர். அப்படியானால் அவர்களும் ஒரு கடைக்காரரின் பிள்ளையே. முஹம்மது, அஹ்மது என்ற இரு மக்களையும் சொற்பப் பணத்தோடு ஒரு சூஃபி நண்பரிடம் ஒப்படைத்துவிட்டுத் தகப்பனார் மௌத்தாகிவிட்டார். அந்தப் பணமும் தீர்ந்தபின், சோறும் இருப்பிடமும் கிடைக்குமே என்று பிள்ளைகள் மதரஸாவில் சேர்ந்தார்கள்.

ஜுர்ஜானில் ஓதிவிட்டு ஊர் திரும்பும்போது வழியில் கள்ளர்கள் மறித்து, மூட்டைகளோடு பாடக் குறிப்புகளையும் பறித்துக்கொண்டார்கள் என்று ஒரு செய்தி உண்டு. கள்ளர் தலைவனைப் பின்தொடர்ந்து போய், பணம் வேண்டாம், குறிப்புகளை மட்டும் கொடு என்று கேட்க, காகிதம் போனதும் போய்விடுகிற அறிவு என்ன அறிவு என்று அவன் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். ஊர் வந்து மூன்று வருஷத்தில் அத்தனையையும் மனனம் செய்துவிட்டார்கள். பிறகு நைஸாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி அவர்களிடம் ஓதினார்கள். ஆசிரியர் 1085-ல் காலமானதும் ஸல்ஜூக் ராஜ்யத்தின் மந்திரி நிஜாமுல் முல்க்கின் ஆதரவைப் பெற்றார்கள். மந்திரியின் சபையில் நடந்த வாதங்களில் அவர்கள் கையே ஓங்கியது.

1091-ல், முப்பத்து மூன்று வயதில், பக்தாது நிஜாமிய்யா மதரஸாவின் தலைமை ஆசிரியர் பதவி வந்தது. அக்காலத்தில் இதற்கு மேலான ஆசிரியர் பதவி வேறில்லை எனலாம். சுமார் 300 மாணவர்கள் எதிரே அமர்ந்து பாடம் கேட்டார்கள். கலீஃபாவின் அரண்மனையில் மரியாதை. சுல்தானின் வீட்டாரிடம் செல்வாக்கு. பட்டம், பணம், புகழ் எதற்கும் குறைவில்லை. ஓய்ந்த வேளைகளில் கிரேக்கத் தத்துவ நூல்களைத் தாமாகவே படித்து, அவற்றுக்கு மறுப்பும் எழுதினார்கள்.

இந்நிலையில் 1092-ல் மந்திரி நிஜாமுல் முல்க் பிரயாணத்தில் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே சுல்தான் மலிக்ஷாவும் இறந்தார். வாரிசுகளுக்குள் சண்டை மூண்டது. இமாமவர்களுக்கு நேர்ந்ததெல்லாம் இந்த அரசியல் பயத்தால்தான் என்று எழுதுவோரும் உண்டு. பயம் சிறிதும் இருந்திராது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் தமக்கு என்ன நேர்ந்தது என்பதை இமாமவர்களே பிற்காலத்தில் 'அல் முன்கித்' என்னும் நூலில் கூச்சமின்றி எழுதி வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு மற்றவர் ஊகத்தை எடுப்பது, பேரேடு கையிலிருக்கக் கணக்கை அடுத்த கடையில் போய் விசாரிப்பது போலாகும்.

அவர்கள் எழுதியதன் சாரம் இது. தாம் பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காக அல்ல, பெயருக்காகவும் புகழுக்காகவுமே என்று ஒரு நாள் உள்ளம் உறுத்தியது. இதை விட்டுப் போய்விட வேண்டும் என்று காலையில் தீர்மானிப்பார்கள். மாலையில் ஆசைகள் படையெடுத்து வந்து அதைக் கலைத்துவிடும். இந்தப் பதவியை விட்டால் திரும்பக் கிடைக்குமா என்று ஒரு குரல். வாழ்நாளில் மிச்சம் கொஞ்சந்தானே என்று ஒரு குரல். ஹிஜ்ரி 488 ரஜபு தொடங்கி (1095 ஜூலை) ஏறக்குறைய ஆறு மாதம் இந்த இழுபறியிலேயே கழிந்தது.

அப்புறம் உடம்பு குறுக்கே வந்தது. மாணவர்களின் மனம் குளிர ஒரு நாளாவது பாடம் சொல்ல முயன்றார்கள். நாவு அசையவில்லை, ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்தத் துயரத்தில் ஜீரணமும் கெட்டது. ஆணம்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. உடல் தளர்ந்தது. பார்த்த வைத்தியர்கள், இது இருதயத்தில் உண்டான கவலை, அங்கிருந்து உடம்பில் பரவியிருக்கிறது, அந்தக் கவலை நீங்கினாலன்றி மருந்தால் வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த வைத்தியர்களை நான் மெச்சுகிறேன். தெரியாத நோய்க்குக் கஷாயம் எழுதிக்கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு போகவில்லை.

நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனபோது டாக்டர் இருதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பழுதில்லை, மனோவியாதி வைத்தியரைப் பாருங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. பைத்தியம் என்கிறாரே என்று நினைத்தேன். கடைசியில் போனேன். ஆனால் வீட்டில் மொத்தக் கடைக்குச் சரக்கெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஐந்து மாதம் இந்தப் பொய் நடந்தது.

இமாமவர்களும் போகும் இடத்தை மறைத்தே புறப்பட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சற்று ஆறுதல். ஷாமுக்குப் போவது என்று உள்ளத்தில் முடிவு செய்துகொண்டு, மக்காவுக்குப் போவதாக வெளியில் சொன்னார்கள். உண்மை தெரிந்தால் கலீஃபாவும் நண்பர்களும் விடமாட்டார்கள். குழந்தைகளின் ஜீவனத்துக்கும் தம் சிறு செலவுக்கும் போதுமானதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றப் பொருளையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்தார்கள். 1095 நவம்பரில் பக்தாதை விட்டார்கள். மார்க்கத்தின் மிகப் பெரிய பதவியில் இருப்பவர் மார்க்கத்துக்காகவே அதை விட்டுப் போவாரா என்று இராக்கு ஆலிம்களுக்கு விளங்கவில்லை. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

திமிஷ்கில் சுமார் இரண்டு வருஷம். உமையாக்களின் பெரிய பள்ளிவாசல் மினாராவில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, பகல் முழுதும் தனித்திருப்பார்கள். பைத்துல் முகத்தஸ் சென்றும் அவ்வாறே இருந்தார்கள். இபுராஹீம் நபி (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் மூன்று நேர்ச்சைகள் செய்தார்கள். அரசர் பணத்தை வாங்குவதில்லை, அரசர் சபைக்குப் போவதில்லை, யாரோடும் தர்க்கம் செய்வதில்லை என்பவை அவை. தம்மை வாட்டிய இடங்கள் மூன்றையும் சரியாகக் கண்டு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அதன்பின் ஹஜ்ஜையும் நிறைவேற்றினார்கள்.

ஒரு நாளில் சுகமாகிவிடவில்லை. குழந்தைகளின் அழைப்பும் குடும்பக் கவலையும் ஊருக்கு இழுத்தன. தனிமை கலைந்தது, மறுபடி கூடியது, மறுபடி கலைந்தது. இப்படி ஏறத்தாழப் பத்து வருஷம். அந்த வருஷங்களில்தான் 'இஹ்யா' உருவாயிற்று.

இதைப் படித்துவிட்டு யாரும் கடையைப் பூட்டிவிட்டு மினாராவில் ஏற வேண்டியதில்லை. மருந்தை நிறுத்தவும் வேண்டாம். வைத்தியக் கலை பர்ளு கிபாயா என்று எழுதியவர்களே இமாமவர்கள்தாம். எல்லாரும் பிக்ஹு படிக்க ஓடுகிறார்களே, எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியரில்லையே என்று அந்த நூலில் வருத்தப்படுகிறார்கள். இன்னொன்று. இமாமவர்களுக்கு முன்னரே, 934-ல் காலமான அபூ ஸைத் அல் பல்கி என்பவர், உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்தே வைத்திய நூல் எழுதியிருக்கிறார். அவசரத்துக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பது போல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்து, பயம் வரும்போது எடுத்து உபயோகிக்கச் சொல்கிறார். என் வைத்தியர் எழுதிவரச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். பயம் வந்த நேரம், அப்போது நினைத்தது, அது மெய்யா என்பது. மூன்று பத்தி போட்டுக் கொடுத்தார். கணக்கு எழுதிப் பழகிய கைக்கு அது சுளுவாகவே இருந்தது.

1106-ல் நிஜாமுல் முல்க்கின் மகன் பக்ருல் முல்க் வற்புறுத்தவே, இமாமவர்கள் நைஸாப்பூர் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். முன்பு புகழுக்காகச் சொன்ன பாடம் வேறு, இப்போது சொல்வது வேறு என்று எழுதியிருக்கிறார்கள். பின் தூஸுக்கே திரும்பி, வீட்டின் பக்கத்தில் ஒரு மதரஸாவும் சூஃபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்தார்கள். கடைசிக் காலத்தில் பக்தாது நிஜாமிய்யாவின் அதே பதவி மறுபடியும் தேடி வந்தது. தூஸில் 150 மாணவர்கள் இருக்கிறார்கள், குடும்பம் இருக்கிறது, செய்த நேர்ச்சைகளும் இருக்கின்றன என்று எழுதி மறுத்துவிட்டார்கள். 1111 டிசம்பரில் அந்த ஊரிலேயே வபாத்தானார்கள்.