எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா (மே 11, 1930 - ஆகஸ்ட் 6, 2002) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். ஒரே கணினியில் பல நிரல்கள் ஒன்றையொன்று குலைக்காமல் இயங்குவதற்கான அடிப்படைகளை வகுத்தவர்களுள் இவர் முதன்மையானவர். 1972 இல் டூரிங் விருது பெற்றார்.

வாழ்க்கை

ரோட்டர்டாம் நகரில் பிறந்தார். லைடன் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்திலேயே, 1952 இல், ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலாளராகப் பணியில் சேர்ந்தார். 1957 இல் தமது திருமணப் பதிவில் தொழிலை நிரலாளர் எனக் குறிப்பிட்டார். அவ்வாறு ஒரு தொழில் இல்லை என அதிகாரிகள் மறுத்ததால், கோட்பாட்டு இயற்பியலாளர் எனப் பதியப்பட்டது. 1959 இல் முனைவர் பட்டம் பெற்றார். குறுகிய வழியைக் கண்டறியும் இவரது புகழ்பெற்ற படிமுறைத் தீர்வும் அவ்வாண்டிலேயே வெளியானது. 1962 இல் ஐந்தோவன் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் பேராசிரியரானார்.

குறுக்கீடும் சூழல் மாற்றமும்

எலக்ட்ரோலாஜிக்கா எக்ஸ்1 கணினியில், அச்சுப்பொறி போன்ற கருவிகள் ஓடும் நிரலை எக்கணத்திலும் இடைமறிக்கும். அப்போது பதிவகங்களின் மதிப்புகளையும் நிரல் நின்ற இடத்தையும் சேமித்து, பின்னர் பிழையின்றி மீட்க வேண்டும். இதுவே சூழல் மாற்றத்தின் அடிப்படை. குறுக்கீடு வரும் கணத்தை முன்னறிய இயலாததால், இதில் நேரும் பிழையை மீண்டும் நிகழ்த்திக் காண்பது அரிது. முதலில் இதற்குத் தயங்கிய டைக்ஸ்ட்ரா, பின்னர் அதற்கான நிரலை எழுதினார். அதுவே அவரது முனைவர் பட்ட ஆய்வின் பொருளாகவும் அமைந்தது.

தி.எச்.இ. இயங்குதளம்

எக்ஸ்8 கணினிக்காக இவரது சிறு குழு உருவாக்கிய இயங்குதளம் குறித்த கட்டுரை 1968 இல் வெளியானது. அது அடுக்குகளாக அமைந்தது. மையச் செயலியைப் பங்கிடும் பணி அடித்தள அடுக்குக்கு உரியது. எந்தச் செயல்முறையும் செயலியைத் தனதாக்கிக் கொள்ளாதவாறு கடிகாரக் குறுக்கீடு தடுத்தது. ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே சரிபார்க்கப்பட்டது.

செயல்முறைகளை ஒழுங்குபடுத்த, தொடர்வண்டிப் பாதைக் கைகாட்டியின் பெயரால் டைக்ஸ்ட்ரா ஒரு மாறியைப் புகுத்தினார். இராமேசுவரம் செல்லும் பாம்பன் பாலம் ஒற்றைத் தண்டவாளம் உடையது. கப்பலுக்காகத் தூக்குப்பகுதி உயர்ந்திருக்கையில் தொடர்வண்டி கைகாட்டிக்கு முன் நிற்கும். அவ்வாறே, பொதுவான வளம் ஒன்று பயன்பாட்டில் இருக்கையில், அதை வேண்டும் மற்றொரு செயல்முறை நிறுத்தப்படும். அது காத்திருக்கும் நேரத்தில் செயலி வேறொரு செயல்முறைக்கு வழங்கப்படும். வளம் கிடைத்ததா என மீண்டும் மீண்டும் சோதித்து நேரம் வீணாவதில்லை.

இக்கால லினக்சு இயங்குதளத்தில் வளம் தடையின்றிக் கிடைத்தால் நிரல் கருனியை அழைப்பதில்லை. காத்திருக்கவோ, காத்திருப்பவரை எழுப்பவோ நேரும்போது மட்டும் அமைப்பு அழைப்பு நிகழ்கிறது. இதனால் தேவையற்ற அமைப்பு அழைப்புகள் தவிர்க்கப்படுகின்றன.

இறுதிக்காலம்

1984 முதல் 1999 வரை அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாமே தவிர, பிழையே இல்லை என நிறுவ இயலாது என்பது அவரது உறுதியான நிலைப்பாடு. கையால் எழுதிப் படியெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிய அவரது எண்ணிட்ட குறிப்புகள் 1,300ஐக் கடந்தன. 2002 இல் நெதர்லாந்தின் நியூனன் என்ற ஊரில் காலமானார்.