கண்ணொளி வழங்கிய மருத்துவர்

மதுரை மாநகருக்கு வடக்கே அழகர்மலையின் அடிவாரத்தில் அமைந்தது அழகர்கோவில். சித்திரைத் திங்களில் அழகர் அங்கிருந்து வைகைக்கு எழுந்தருளுங்கால், சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்கள் வழியெங்கும் திரண்டு நிற்பர். அத்திரளில், விழியின் வில்லையில் வெண்மை படர்ந்து, பேரப்பிள்ளைகளின் தோளைப் பற்றி வரும் முதியோர் மிகப் பலராக இருந்த காலம் உண்டு. கண்புரை அறுவையால் நீங்கும் நோய். எனினும், அந்த அறுவை எளியோருக்கு எட்டாதிருந்தது. அதனை எட்டச் செய்தவருள் தலைசிறந்தவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி.

இவர் 1918ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், எட்டையபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் உழவர் குடியில் பிறந்தார். தாளும் எழுதுகோலும் அரிதாயிருந்த ஊர்ப்பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பயின்றார். உறவுப் பெண்கள் மூவர் மகப்பேற்றின்போது உரிய மருத்துவமின்றி மாண்டனர். அத்துயரமே இவரை மருத்துவத் துறைக்கு ஈர்த்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, 1944இல் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

ஆனால், கொடிய முடக்குவாதம் இவரைப் பற்றியது. 1948இல் இராணுவத்தினின்று விலக நேர்ந்தது. ஓராண்டுக்கு மேல் படுக்கையிலேயே கிடந்தார், விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவம் பயின்றார். வளைந்த அவ்விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, வாழ்நாளில் நூறாயிரத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார் என்றால், அப்பயிற்சி எத்துணைக் கடுமையாயிருந்திருக்கும்!

1956 முதல் மதுரை அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரியிலும் கண் மருத்துவத் துறைக்குத் தலைவராயிருந்தார். நோயாளி வருவார் எனக் காத்திராமல் ஊர்தோறும் கண் முகாம்கள் நடத்தினார். 1973இல் பத்மஸ்ரீ விருது இவரை நாடி வந்தது.

அரசுப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976இல், வைகையின் வடகரையிலுள்ள அண்ணா நகரில், 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நடுவண் அரசு பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தை வகுத்ததும் அதே ஆண்டில்தான். கையில் பெரும்பொருள் இல்லை. வீட்டை அடமானம் வைத்தார். உடன்பிறந்தாரும் அவர்தம் துணைவரும் உடனுழைத்தனர்.

இலவசமாக அறுவை செய்தால், பொருள் எங்கிருந்து வரும்? வெங்கடசாமி கண்ட வழி இது. வசதியுள்ளோர் கட்டணம் செலுத்துவர். இல்லாதோர் செலுத்த வேண்டுவதில்லை. யார் ஏழை என்று எவரும் சான்று கேட்பதில்லை. அறையிலும் பிற வசதிகளிலும் வேறுபாடு இருப்பினும், அறுவை செய்யும் மருத்துவர் இருசாராருக்கும் ஒருவரே. ஒரு மேசையில் அறுவை நிகழுங்கால், அடுத்த மேசையில் மற்றொரு நோயாளியை உதவியாளர் ஆயத்தம் செய்வர். இதனால் மருத்துவரின் நேரம் வீணாவதில்லை; ஒவ்வோர் அறுவைக்கும் ஆகும் செலவு குறைந்தது. உதவியாளருள் பெரும்பாலோர் பள்ளிப்படிப்பு முடித்துப் பயிற்சி பெற்ற சிற்றூர்ப் பெண்களே.

அறுவை இலவசம் என்று அறிவித்தும் பலர் வரவில்லை. வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் எண்ணிப் பாருங்கள்: அழகர்மலைச் சாரலில் வாழும் ஒரு கூலியாள் மதுரைக்கு வரவேண்டுமாயின், பேருந்துக் கட்டணம் வேண்டும், உணவு வேண்டும், துணைக்கு ஒருவர் வேண்டும், அத்துணைவரின் கூலியும் போகும். வறியவர்க்கு இவையே பெருஞ்செலவு. இதனை உணர்ந்தபின், முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்து வந்து, உணவும் உறைவிடமும் தந்து, அறுவை முடிந்ததும் ஊரில் கொண்டு சேர்க்கும் முறை ஏற்பட்டது.

இன்னுமொரு தடை இருந்தது. புரை நீக்கிய விழியினுள் பொருத்தும் செயற்கை வில்லை அயல்நாட்டிலிருந்து வந்தது. அதன் விலை 100 டாலரையும் கடந்திருந்தது. 1992இல் மதுரையிலேயே அரோலேப் என்னும் தொழிற்கூடம் நிறுவப்பட்டு, அவ்வில்லை ஏறத்தாழ 10 டாலருக்குக் கிடைத்தது. பின்னர் இன்னும் குறைந்தது. அயல்நாட்டு மருத்துவமனைகளும் மதுரை வில்லையை வாங்கலாயின.

தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய ஊர்களிலும் கிளைகள் எழுந்ததைக் கண்ட வெங்கடசாமி, 2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், தமது 87ஆம் வயதில் மதுரையில் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மருத்துவமனையிலிருந்து ஊதியமும் பெற்றதில்லை. அரசு தந்த ஓய்வூதியத்திலேயே வாழ்ந்து வந்தார்.