கணக்கறிந்த சூதாடி

தலவாக்கலையைச் சூழ்ந்த தோட்டங்களுக்கு லொத்தர் சீட்டு புதிதன்று. இன்று சூது கைத்தொலைபேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. அடுத்து விழும் எண்ணை முன்கூட்டியே சொல்வதாகக் காசு வாங்கும் ஆரூடக்காரர்களும் கூடவே வந்துள்ளனர். லயத்து இளைஞர்கள் அவர்களை நம்பத் தலைப்படும் இவ்வேளையில், ஜெரோலமோ கார்டானோவின் வாழ்க்கையை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

1501ஆம் ஆண்டு இத்தாலியின் பவியா நகரில் பிறந்த கார்டானோ மருத்துவம் பயின்றவர். பெற்றோர் முறைப்படி மணம் புரியாதிருந்தபோது பிறந்தவர் என்ற காரணத்தால் மிலான் மருத்துவர் சங்கம் 1539 வரை அவரைச் சேர்க்க மறுத்தது. வருவாயற்ற அக்காலத்தில் சூதே அவருக்குச் சோறு போட்டது. அதுவே பறித்தும் கொண்டது. மனைவியின் நகைகளும் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களும் பந்தயத்தில் போயின. குடும்பம் ஏழைகள் விடுதியில் ஒதுங்கியது.

சூதைக் கணக்காக எழுதிய முன்னோடியும் இவரே. இரண்டு பகடைகளுக்கு 36 விளைவுகள், மூன்றுக்கு 216 என எண்ணிக் காட்டினார். ஆடுவோர் இருவருக்கும் நிலைமை சமமாயிருப்பதே நேர்மையான ஆட்டத்தின் அடிப்படை என்றார். வெனிசில் அடையாளமிட்ட சீட்டுகளால் தம்மை ஏமாற்றிய பிரபு ஒருவரைக் கத்தியால் முகத்தில் கீறியவரும் அவர்தாம்!

அந்தச் சமநிலையைக் காட்டுவதற்கு இன்றைய இணையத்தளங்கள் சில வேறு வழி கண்டுள்ளன. ஆட்டம் தொடங்குமுன் இரகசிய எண்ணொன்றின் கைரேகை போன்ற குறியீட்டை வெளியிடுகின்றன; முடிந்தபின் எண்ணையும் வெளியிடுகின்றன. இரண்டும் பொருந்தினால், இடையில் எண் மாற்றப்படவில்லை என்பது உறுதி. ஆனால் குறியீட்டிலிருந்து எண்ணை முன்கூட்டிக் கண்டறிய இயலாது. முந்தைய சுற்றுகளின் முடிவும் உதவாது; பகடைக்கு ஞாபகம் இல்லை. ஆரூடம் பொய்ப்பது இதனாலேயே.

நேர்மையான ஆட்டம் என்றால் இலாபகரமான ஆட்டம் என்று பொருளல்ல. 37 எண்கள் கொண்ட ரூலட் சக்கரத்தில் வென்றவருக்குப் பந்தயத்தைப்போல் 35 மடங்கே இலாபம். சமமான ஆட்டமாயின் 36 மடங்கு கிடைக்க வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளமான 1,350 ரூபாவை ஓர் எண்ணில் வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் சராசரி இழப்பு ஏறத்தாழ 36 ரூபா 50 சதம். எவரும் ஏமாற்றாமலே பறிபோகும் பணம் இது.

இத்தனை கணக்கறிந்தும் கார்டானோ அதிர்ஷ்டத்தையும் கோள்களையும் கைவிடவில்லை. 1552இல் இங்கிலாந்தின் இளம் மன்னர் ஆறாம் எட்வர்டுக்கு நீண்ட ஆயுள் என்று சாதகம் கணித்தார். மறு ஆண்டே, 15 வயதில், மன்னர் இறந்தார்.

பகடையில் ஏறத்தாழ 25 ஆண்டுகளை நாள்தோறும் செலவிட்டதை முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் வெட்கத்துடன் ஒப்புக்கொண்டார். 1576இல் உரோமாபுரியில் மறைந்த அவரது சூதாட்ட நூல் 1663இல்தான் அச்சேறியது. அந்நூலால் சொந்த வீட்டையும் காக்க முடியவில்லை. இளைய மகன் ஆல்டோவும் சூதாடியாகித் தந்தையின் வீட்டிலேயே திருடினார். தந்தையே முறையிட்டு அவரை ஊரைவிட்டு வெளியேற்றச் செய்தார்.