கறிக்கு உதவிய ஏட்டுச் சுரைக்காய்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மிடையே நெடுங்காலம் வழங்கிவரும் பழமொழி. நூலறிவை மட்டும் நம்பியிருக்கும் மாணவரை எச்சரிக்க ஆசிரியர்கள் இதனை எடுத்தாள்வதுண்டு. ஆயின், ஏட்டில் எழுதிய சுரைக்காயை மெய்யாகவே கறியாக்கிக் காட்டிய ஓர் அம்மையார் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே சமைத்துப் பார் என்னும் நூலை இயற்றிய எஸ். மீனாட்சி அம்மாள்.

1905ஆம் ஆண்டிற் பிறந்த அவர், அக்கால வழக்கப்படி இளவயதிலேயே இல்லறம் புகுந்தார். இளமையிலேயே கணவரையும் இழந்தார். வளர்க்க ஒரு மகன் இருந்தான். கைம்பெண்ணை மங்கல நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கிவைத்த காலம் அது. கூடத்தில் இடம் மறுக்கப்பட்ட அத்தகைய பெண்களுக்கு அடுக்களையே உலகமாயிற்று. எத்தனையோ பேர் அந்தப் புகைக்குள்ளேயே பெயரின்றி மறைந்தனர். மீனாட்சி அம்மாளோ அவ்வடுக்களையையே தமது கல்விக்கூடமாக ஆக்கிக்கொண்டார்.

அவரது கைப்பக்குவத்தை உறவினர் நன்கறிந்திருந்தனர். செய்முறை கேட்டு அவரை நாடியவர் பலர். இங்ஙனம் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே சொல்வதை நூலாகத் தொகுத்தால் என்னவென்று, அவருடைய உறவினரும் சென்னையின் பெயர்பெற்ற வழக்கறிஞருமான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் ஊக்கமளித்தார். அவ்வூக்கத்தின் பயனாக 1951இல் நூல் வெளிவந்தது. பின்னர் அது மூன்று பாகங்களாக விரிந்தது. ஆங்கிலத்திலும் பிற இந்திய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. 1962இல் அம்மையார் மறைந்த பின்னரும், அவர் குடும்பத்தார் அதனைத் தொடர்ந்து பதிப்பித்து வந்தனர்.

நூலின் பெயரையே சற்று எண்ணிப் பாருங்கள். படித்துப் பார் என்று அவர் சொல்லவில்லை. சமைத்துப் பார் என்றார். தவறினாலும் மீண்டும் முயலலாம் என்னும் பரிவு அப்பெயரில் இருக்கிறது.

பிறந்த ஊரைவிட்டு லுணுகலைக்கு மாற்றலாகி வந்து, குளிர்ந்த மாலையில் அறையொன்றில் தனியே அடுப்பு மூட்டும் இளம் ஆசிரியர் ஒருவரைக் கற்பனை செய்வோம். சாம்பார் வைக்க வேண்டும், அருகே தாயில்லை. பருப்பையும் புளியையும் ஒன்றாக இட்டுக் கொதிக்கவைத்தால் பருப்பு எளிதில் வேகாது; புளிப்பு அதனைக் குழையவிடாது. ஆகவே பருப்பைத் தனியே வேகவைத்து, புளிநீரின் பச்சை வாசனை அடங்கிய பிறகே இரண்டையும் சேர்க்க வேண்டும். தாய் இக்காரணத்தைச் சொல்வதில்லை, செய்துகாட்டுவாள். நூல் செய்துகாட்ட இயலாது. எனவே அது வரிசையைப் பிழையின்றிச் சொல்லியாக வேண்டும்.

அளவும் அத்தகையதே. நூல் எழுந்த காலத்தில் தமிழகத்தில் ஆழாக்கும் படியும் வழங்கின. ஆசிரியர் கையில் இருப்பதோ சுண்டு. எனினும் கவலையில்லை. அரிசிக்கும் பருப்புக்கும் நீருக்கும் ஒரே பாத்திரத்தை அளவாகக் கொண்டால் விகிதம் மாறாது. கண்ணளவு, கையளவு என்று தாயோடு மறைந்துவிடக்கூடிய ஒன்றைப் பிறர் கையில் ஒப்படைக்கும் வழி இதுவே.

ஒன்றை மறுப்பதற்கில்லை. அம்மையார் எழுதியது தமிழகப் பிராமண இல்லத்துச் சைவச் சமையல். தாம் அறிந்ததை அவர் எழுதினார், அது குறையன்று. நம் மலையகத்து லயங்களிலோ கோதுமை மா ரொட்டிக்கும் தேங்காய்ச் சம்பலுக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் வேறொரு பக்குவம் இருக்கிறது. விடியுமுன் எழுந்து அடுப்பேற்றி, பின் கூடையுடன் மலையேறிய பெண்களின் பக்குவம் அது. அதன் பெரும்பகுதி இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பிள்ளைகளோ கொழும்புக்கும் கடல் கடந்தும் வேலை தேடிச் செல்கின்றனர். அங்கே அடுப்பின் முன் நின்று அவர்கள் யாரைக் கேட்பர்?

மாணவர்கள் தம் பாட்டிமாரிடம் அமர்ந்து, அவர் கை அள்ளும் மாவைச் சுண்டால் அளந்து, ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாம். பெரும்புலமை அதற்கு வேண்டியதில்லை. கேட்டவர்க்குச் சலியாமற் சொன்ன ஒரு பெண்ணின் பொறுமையிலிருந்தே அந்நூலும் பிறந்தது.